மூன்று மாதத்தில் மதில் மறைந்துவிடும்

கேள்வி:

ஐயா, எனக்கு 57 வயது. பிறந்ததிலிருந்து பெருநகரவாசி. கடைசி 20 ஆண்டுகள் ஒன்பதாவது மாடியில். அடுத்த ஆண்டு பணி ஓய்வு. போன குளிர்காலத்தில் நானும் கணவரும் ஒரு பழைய சிறு நகரத்துக்குப் போய் நான்கு நாள் தங்கியிருந்தோம். மதில், குறுகிய தெருக்கள், நடுவில் முற்றம் வைத்த வீடுகள். மூன்றாம் நாளே இங்கே குடியேறிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தெருக்கோடியில் நூறு வயதைத் தாண்டிய ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. ‘சுற்றிப் பார்க்கிற ஊர் வேறு, குப்பை கொட்டுகிற ஊர் வேறு’ என்கிறார் கணவர். பழைய வீட்டை வாங்கினால் திரும்ப விற்க முடியாது என்கிறான் மகன். பேச்சு நடந்துகொண்டிருப்பதால் ஊர்ப் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். என் ஆசை வெறும் மயக்கம்தானா? குடியேறிய பிறகும் அந்த ஊரின் ஈர்ப்பு நீடிக்குமா?

பதில்:

அம்மா, ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு படித்துப் பார்த்தால் கடிதத்தில் ஒன்றும் குறையவில்லை. இதை எந்த நாட்டிலிருந்தும் யாரும் எழுதியிருக்கலாம். பழங்கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். 28 ஆண்டுகளில் இதே கேள்வியைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். அதில் 16 ஆண்டுகளாக நானே அப்படியோர் ஊரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. எந்த மதிலைப் பார்த்து நீங்கள் சொக்கிப்போனீர்களோ, அந்த மதில் மூன்று மாதத்தில் உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். எங்கள் தெரு முனையில் ஒரு பழைய காவல் வாசல் இருக்கிறது. அதைப் படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வந்த புதிதில் நானும் ஒரு நாளைக்கு நான்கு முறை அண்ணாந்து பார்த்தவன்தான். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், “வாசல் மேலே செதுக்கியிருப்பது சிங்கமா, குதிரையா?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். குதிரை.

ஆகவே மதிலையும் வாசலையும் நம்பி வீடு வாங்காதீர்கள். அவை கண்ணிலிருந்து விலகிய பிறகு என்ன மிஞ்சும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் முதலில் மிஞ்சுவது தூரம். அதாவது, தூரம் இல்லாமை.

வாகனங்கள் வருவதற்கு முன்பே வளர்ந்து முடிந்த ஊர் என்பதுதான் பழைய சிறு நகரத்தின் முதல் இலக்கணம். மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தைத்தான் போக வர ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். போக அரை மணி, வர அரை மணி. நடந்து போகிறவருக்கு அரை மணியில் இரண்டரைக் கிலோமீட்டர். 1800-க்கு முந்தைய பெரிய நகரங்கள்கூடக் குறுக்களவில் 5 கிலோமீட்டரைத் தாண்டாததற்கு அதுவே காரணம் என்பது அவர் வாதம். பெரிய நகரங்களின் கதையே இது என்றால், சிறிய ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நீங்கள் பார்த்த ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க இருபது நிமிடம் பிடித்திருக்கும். அந்த இருபது நிமிடத்துக்குள் கடை, பள்ளி, தபால் நிலையம், நூலகம் எல்லாம் அடங்கியாக வேண்டும். அடங்கித்தான் இருக்கும், ஏனென்றால் அந்த ஊரைக் கட்டியவர்களுக்கு வேறு வழியில்லை.

ஸ்பெயினின் வடமேற்கில் பொன்தெவெத்ரா என்று ஓர் ஊர் இருக்கிறது. சுமார் 83,000 பேர் வாழ்கிறார்கள். நடுக்காலத்துத் தெருக்கள் முழுக்க ஒரு காலத்தில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. 1999-இல் மேயராக வந்த மிகேல் அன்சோ பெர்னாண்டெஸ் லோரெஸ் பழைய நகருக்குள் கார் ஓட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பிற்பாடு அந்த நகராட்சி ஒரு படம் அச்சிட்டது. பார்த்தால் பெருநகர ரயில் தடங்களின் படம் போலவே இருக்கும், வண்ண வண்ணக் கோடுகளும் நிறுத்தங்களும். ஆனால் அவை ரயில் தடங்கள் அல்ல. சந்தையிலிருந்து மருத்துவமனைக்கு நடந்தால் எத்தனை நிமிடம், அங்கிருந்து பூங்காவுக்கு எத்தனை நிமிடம் என்று கோட்டுக்கு மேல் எழுதியிருக்கும். மெட்ரோமினுட்டோ என்று பெயர். என் மேசைக்கு எதிரே அதன் பிரதி ஒன்று தொங்குகிறது. பழைய ஊரில் வாழ்வதன் பயன் என்னவென்று யாராவது கேட்டால் அதைக் காட்டிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

ஆனால் கடிதத்தில் பேசாமல் இருக்க முடியாதே. அந்த இருபது நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு பழைய பூட்டைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனேன். நேராகப் போனால் ஆறு நிமிடம். முதல் திருப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாற்காலியை நிழல் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். வெயில் எந்த மாதத்தில் எந்தத் திண்ணைக்கு வரும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை எண்ணெய் போட்டுக் கெடுத்திருக்கிறீர்கள்” என்றார். சரிதான், கெடுத்திருந்தேன். பூட்டுக்காரர் சாவியைத் துவாரத்தில் விட்டுக் காதருகே வைத்துத் திருகினார், கடிகாரத்தைக் கேட்பதுபோல. “நாளைக்கு வாருங்கள்” என்றார். ரசீது இல்லை, பெயரும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில், நான் தேடிக்கொண்டிருந்த தச்சரே எதிரில் வந்தார். அவரைத் தொலைபேசியில் பிடிக்க ஒரு வாரமாக முயன்று தோற்றிருந்தேன். வீடு வந்து சேர முக்கால் மணி நேரம். பெருநகரத்தில் இதே முக்கால் மணி நேரம் சிக்னலில் போயிருக்கும். நேரம் மிச்சமாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது வேறு இடத்தில் செலவாயிற்று, அவ்வளவுதான்.

இங்கே சின்னதாக ஒரு எச்சரிக்கை. சிறிய ஊர் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. 1999-இல் இத்தாலியில் தொடங்கிய சித்தாஸ்லோ என்ற நகரங்களின் கூட்டமைப்பு, 50,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. அவசரமில்லாத வாழ்க்கைக்கு அது ஏற்ற அளவு என்பது அவர்கள் கணக்கு. நான் கொஞ்சம் தாராளம். ஒரு லட்சம் வரை போகலாம் என்பேன். கீழே போவதில்தான் எனக்குத் தயக்கம். ரொம்பவும் சின்ன ஊரில் பல் மருத்துவர் ஒருவர்தான் இருப்பார். அவரோடு மனத்தாங்கல் வந்துவிட்டால் பல்வலியோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

தூரத்துக்கு அடுத்தபடியாக நீடிப்பது, பழைய ஊர்கள் எதையும் வீணாக்குவதில்லை என்ற அறிவு. இதைச் சுற்றுலாவில் பார்க்க முடியாது, இருந்து பார்த்தால்தான் பிடிபடும். இத்தாலியின் லூக்கா நகரில் முட்டை வடிவில் ஒரு சதுக்கம் இருக்கிறது. (முட்டை வடிவில் இருப்பதைச் சதுக்கம் என்பது சரியா என்று தமிழாசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.) அது ரோமானியர்கள் கட்டிய விளையாட்டரங்கம். அரங்கம் பாழடைந்த பிறகு மக்கள் அதன் சுவர்களையே பின்சுவராக வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். அரங்கம் போய்விட்டது, அதன் வளைவு வீடுகளின் வரிசையாக நிற்கிறது. 1830-களில் நடுவில் இருந்த கட்டடங்களை அகற்றியபோது பழைய வடிவம் மறுபடி வெளியே வந்தது. அதே ஊரின் மதில் 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். எதிரிக்காக 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கட்டினார்கள். இன்று அதன் மேல் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஊர்க்காரர்கள் மாலையில் அங்கே நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். போர்ச்சுகலின் எவோரா நகரில் 1530-களில் கட்டிய நீர்ப்பாலம் ஊருக்குள் நுழையும் இடத்தில், வளைவுக்குள் வளைவாக வீடுகளும் கடைகளும் குடியேறிவிட்டன. இரண்டு தூண்கள் பக்கச் சுவராயின, ஒரு கதவு வைத்தால் வீடு ஆயிற்று.

இப்படி ஓர் ஊரில் நாள்பட இருந்தால் உடைத்துக் கட்டும் ஆசை தானாகவே குறையும். என் வாடிக்கையாளர்களில் பலர், முதல் சந்திப்பில் “இந்தச் சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகுமே” என்பார்கள். இரண்டாம் ஆண்டில் அதே ஆட்கள் அந்தச் சுவரில் இருக்கும் மாடத்தை யார், எதற்காக வைத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

உட்காரும் இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேபாளத்தின் பக்தபூரில் தெருவுக்குத் தெரு கூரை வேய்ந்த பொதுத் திண்ணைகள் உண்டு. ‘பாட்டி’ என்பார்கள், நம் காதுக்கு வேறு பொருளில் கேட்கும். களைத்து வந்தவர், கதை பேச வந்தவர், வேலையற்றவர் எல்லாரும் அங்கே உட்காரலாம். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. குயவர்கள் சதுக்கத்தில் பானைகளைப் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். அதே ஊரில் 1702-இல் எழுப்பிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில், 1934, 2015 ஆகிய இரண்டு பெரும் நிலநடுக்கங்களையும் தாங்கி நிற்கிறது. பயணிகள் அதன் உயரத்தைப் படம் பிடிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதன் படிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அறுபதை நெருங்கும் நமக்கு, நடக்கிற தூரம் மட்டுமல்ல, நடுவில் உட்கார இடம் இருக்கிறதா என்பதும் கேள்வி. நீங்கள் பார்த்த ஊரில் எத்தனை இடத்தில் காசில்லாமல் உட்கார முடிந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இனி விலை. பணத்தைச் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாடியில் இருந்தவர் நீங்கள். அங்கே பத்து ஆண்டுகள் யாரோடும் பேசாமல் வாழ்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கு அது குறை, அதுவே சுகமும். சிறிய ஊரில் அந்தச் சுகம் முதல் நாளே போய்விடும். நேற்று உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை நாளாகக் கணவர் வெளியே வரவில்லை, மகன் ஏன் இந்த முறை தனியாக வந்தான் எல்லாம் தெரிந்துவிடும். இது சிலருக்கு அடைக்கலம், சிலருக்கு மூச்சுத் திணறல். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இதுவும் மற்றவருக்கு அதுவுமாக அமைந்துவிட்டால் சிரமம். கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவர் தனிமை விரும்பி என்று படுகிறது. அவரிடம் கட்டடத்தைப் பற்றிப் பேசி அர்த்தமில்லை. இதைப் பற்றிப் பேசுங்கள்.

கூடவே, ஊர் உங்களை ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்பதில் பிரமை வேண்டாம். இத்தாலியின் சியனா நகரம் கொன்ட்ராடா எனப்படும் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கொடி, சொந்தக் கோயில், சொந்த நீரூற்று. பேட்டையின் நீரூற்றில் குழந்தைக்குத் தண்ணீர் தெளித்துத் தங்களவர் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் 57 வயதில் வந்து இறங்குகிறவர் எந்த வரிசையில் நிற்பார்? எல்லாப் பழைய ஊரிலும் எழுதப்படாத ஒரு நீரூற்று உண்டு. 16 ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை ‘புதிதாக வந்தாரே அந்த இன்ஜினியர்’ என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். நான் இன்ஜினியரும் இல்லை. எனக்கு இதில் வருத்தமில்லை. ஊர்ச் சண்டைகளில் யாரும் என்னைக் கட்சி சேர்ப்பதில்லை.

வீட்டுக்கு வருவோம். இங்கேதான் என் தொழில்.

முதலில் சட்டம். பாதுகாக்கப்பட்ட பகுதியில் உங்கள் வீட்டின் முகப்பு முழுக்க உங்களுடையது அல்ல. இது புதிய தொல்லையும் இல்லை. காம்போ என்ற பொதுவெளியை நோக்கிய வீடுகளின் ஜன்னல்களில் சிறு தூண்கள் இருக்க வேண்டும், பால்கனி வைக்கக் கூடாது என்று 1297-இலேயே சியனாவில் விதி போட்டார்கள். பிரான்சு 1962-இல் கொண்டுவந்த சட்டம் தனித்தனிக் கட்டடங்களை விட்டுவிட்டு முழுப் பேட்டைகளைப் பாதுகாக்க வழிசெய்தது. சார்லா என்ற சிற்றூர் இன்று அவ்வளவு முழுமையாக நிற்பதற்கு அந்தச் சட்டமும் காரணம். ஆனால் விதி என்று வந்தால் வம்பும் வரும். இங்கிலாந்தின் பாத் நகரில் 1767 முதல் 1774 வரை கட்டிய ராயல் கிரெசென்ட் என்ற பிறை வடிவ வரிசையில் 30 வீடுகள், எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கதவு. 1970-களில் 22-ஆம் எண் வீட்டு அம்மையார் தன் கதவுக்கு மஞ்சள் அடித்துவிட்டார். வெள்ளையாக்கு என்றது நகராட்சி. அவர் விடவில்லை. விவகாரம் அமைச்சர் வரை போய், மஞ்சளே இருக்கட்டும் என்று முடிந்தது. இதில் இன்னொரு வேடிக்கை: அந்த வரிசையின் முன்முகம்தான் ஒரே சீர். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு வீடு போல் இன்னொன்று இல்லை, அவரவர் இஷ்டத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான பழைய ஊர்களின் விதி இதுதான். தெருவுக்கு முகம் ஊருடையது, பின்கட்டு உங்களுடையது. வாங்குவதற்கு முன் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை நகராட்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். விற்பவரின் வாய்மொழி போதாது. தரகரின் வாய்மொழியை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்தது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். நூறு ஆண்டுப் பழமை உள்ள செங்கல் வீடு அநேகமாகச் சுண்ணாம்புக் காரையில் எழுந்திருக்கும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடி கல்லாகிறது. ஆனாலும் நுண்துளைகள் உள்ள கல். தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். சுவர் நனையும், காயும், அதற்கு அது பழகியது. 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமென்ட் வேறு சாதி. கெட்டியானது, ஈரத்தை எளிதில் விடாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என் சொந்த வீட்டில் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். குடிவந்த முதல் ஆண்டு கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது. அவசரம். இன்று மற்றவர்களுக்கு வேண்டாம் என்று சொல்வதையே அன்று நான் செய்தேன், சிமென்ட் பூசி மூடினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் பூச்சுக்கு மேலே, இடுப்பு உயரத்தில், வெள்ளையாக உப்புப் பூத்தது. விரலால் தொட்டால் பஞ்சு போல் ஒட்டியது. வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட்டுக்குப் பின்னால் ஏறி, பூசாத இடம் வந்ததும் உப்போடு வெளியே வந்திருக்கிறது. வயதான கொத்தனார் ஒருவர் வந்து கரணையின் நுனியால் இரண்டு தட்டுத் தட்டினார். தகடு மாதிரி சிமென்ட் கழன்று விழுந்தது, கூடவே செங்கல்லின் முகமும் உரிந்து வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, நல்ல மனிதர். “சுவரை மூச்சு விட விடுங்கள் ஐயா” என்று செங்கல்லைப் பார்த்துச் சொன்னார். திரும்பச் சுண்ணாம்பு பூச இரண்டு கோடைகள் ஆயின.

ஆகவே அந்த வீட்டை நீங்கள் குளிர்காலத்தில் பார்த்தது எனக்குப் போதாது. மழையில் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த வீடு என்றால் இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பாருங்கள். உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைக் கத்தி நுனியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், உளுத்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். பழைய ஊர்களைத் தாங்குவதே கண்ணுக்குத் தெரியாத வடிகால்தான். இலங்கையின் காலிக் கோட்டையில் டச்சுக்காரர்கள் வெட்டிய கழிவுநீர்க் கால்வாய்களில் கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் தானே புகுந்து கழுவிவிடும்படி வைத்திருந்தார்கள். நீங்கள் வாங்கப்போகும் தெருவின் வடிகாலைக் கட்டியவரும் யோசித்துத்தான் கட்டியிருப்பார். பிறகு வந்தவர் யார் அதை மேடாக்கி அடைத்தார் என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

மருத்துவமனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலி என்றால் எத்தனை நிமிடத்தில் எங்கே சேர்ப்பார்கள், ஆம்புலன்ஸ் உங்கள் வாசல் வரை வருமா, தெருமுனையில் நின்றுவிடுமா? பகல் வெளிச்சத்தில் ஒரு முறை நடந்து அளந்துகொள்ளுங்கள். அது சரியாக இல்லையென்றால் மற்ற எதுவும் வேண்டாம்.

மகனுக்கு என் பதில் சுருக்கமானது. அவன் சொல்வது சரி. பழைய வீடு விற்க நாளாகும், வாங்குகிறவர் வட்டம் சிறியது, பழுதுச் செலவு சொன்ன தொகைக்குள் அடங்காது. முதலீடாக நினைத்து வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள். ஒன்பதாவது மாடி வீட்டையும் அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அந்த ஊர் இன்னும் ஊராக இருக்கிறதா? வெனிசின் பழைய தீவு நகரில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே இறங்கியது. குரோஷியாவின் டுப்ரோவ்னிக் கோட்டைக்குள் 1991-இல் ஏறக்குறைய 5,000 பேர். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவது சந்தேகம். வீடுகள் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன, குடியிருப்பவர் இல்லை. 800 பேர்கூட இல்லாத ஆஸ்திரியச் சிற்றூர் ஹால்ஷ்டாட்டில், படம் எடுக்க வரும் கூட்டம் தாங்காமல் 2023-இல் காட்சி மறைய ஒரு மரத்தடுப்பே எழுப்பினார்கள். கண்டனம் கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். தங்கள் வாசலிலிருந்து தெரியும் ஏரியைத் தாங்களே மறைக்கத் துணிகிறார்கள் என்றால், அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. இத்தாலியின் மத்தேராவில் பாறையைக் குடைந்த வீடுகளில் வறுமையும் நோயும் தாங்காமல், 1952-இல் சட்டம் போட்டுச் சுமார் 15,000 பேரை வெளியேற்றினார்கள். நாட்டுக்கே அவமானம் என்றார்கள். அதே குகை வீடுகள் 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2019-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் அந்த ஊர். இன்று அங்கே ஓர் இரவு தங்கப் பணம் கட்டுகிறார்கள். வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் சிலருக்கு அங்கேதான் விடுதி வேலை. இதைப் பெருமை என்பதா, வேறு ஏதாவது என்பதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

உங்கள் ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய ஓர் எளிய வழி வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத மாதத்தில், விடுமுறை இல்லாத ஒரு நாளில், இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் வாங்க நினைக்கும் தெருவில் மெதுவாக நடந்து போங்கள். மாடி ஜன்னல்களில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்குக் கீழே என்றால் யோசியுங்கள். மறுநாள் காலை பள்ளிப் பைகளை எண்ணுங்கள். கொடியில் துணி காய்கிறதா, ஆணி வாங்கக் கடை இருக்கிறதா, செருப்பு தைப்பவர் இருக்கிறாரா? நினைவுப் பொருள் விற்கும் கடை பத்து இருந்து, ஒரு முழம் கயிறு வாங்க வண்டி ஏற வேண்டும் என்றால், அந்த ஊர் உங்களுக்கு வேண்டாம். நான் கடைசியாக ஒருவருக்காக இப்படி நடந்து பார்த்த தெருவில் 22 வீடுகள். நான்கில் மட்டும் விளக்கு, அதிலும் இரண்டில் வரவேற்பறை வெளிச்சம். அவர் வாங்கவில்லை.

உங்கள் ஆசை மயக்கமா என்று கேட்டீர்கள். நான்கு நாளில் வந்தது என்பதற்காக அதை மயக்கம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி (இடம் கருதி மேலே சேர்க்கவில்லை): “மூன்றாம் நாள் காலை, நான் வழி கேட்காமலே அறைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.” மதிலையும் முற்றத்தையும் பற்றி எழுதிய வரிகளை விட எனக்கு அந்த வரியில்தான் நம்பிக்கை.

எனவே வீட்டுப் பேச்சை நிறுத்தி வையுங்கள். அதே தெருவில், முடியாவிட்டால் அடுத்த தெருவில், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓர் ஆண்டு இருங்கள். மழைக்காலமும் ஊர்த் திருவிழாவும் கண்டிப்பாக உள்ளே வர வேண்டும். ஒன்று ஊரின் தரையைக் காட்டும், மற்றது ஊரின் கூச்சலை. கணவரிடம் எதையும் நிரூபிக்க முயலாதீர்கள். அவருக்கும் ஒரு பூட்டைக் கொடுத்துப் பழுதுபார்த்து வரச் சொல்லுங்கள். எத்தனை நேரத்தில் திரும்புகிறார், எந்த முகத்தோடு திரும்புகிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியட்நாமின் ஹோய் ஆன் நகரில் ஆறு அடிக்கடி தெருவுக்குள் வந்துவிடும். அங்கே பழைய வணிகர் வீடுகளில் மாடித் தளத்தில் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள், வெள்ளம் வந்தால் சாமான்களை மேலே ஏற்ற. கீழே சுவரில், எந்த ஆண்டு எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். விலைக்கு வந்திருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இசைந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மழை தொடங்கும் முன் கூடத்துச் சுவரில் ஓதம் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. மழை முடிந்த ஒரு மாதத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே எத்தனை விரற்கடை என்று எனக்கு எழுதுங்கள், மற்றதைப் பேசுவோம்.